கரி ஏன் நிற்பதில்லை? கிரில் கடை நடத்துவோர், கரி விற்போர் கவனத்திற்கு

மரக்கரி மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து வருகிறேன். இத்தனை ஆண்டுகளில் நான் அதிகம் கேட்ட புகார் விலையைப் பற்றியது அல்ல. "அண்ணாச்சி, உங்க கரி நிக்க மாட்டேங்குது" என்பதுதான். தணல் கட்டிச் சூடு தங்காமல் சீக்கிரமே சாம்பலாகி விடுகிறது என்று இதற்குப் பொருள். முன்பெல்லாம் இதைச் சொன்னவர்கள் இஸ்திரிக் கடைக்காரர்களும் டீக்கடை பாய்லர்காரர்களும். இப்போது சொல்பவர்கள் கிரில் சிக்கன், தந்தூரி போடுகிற கடைக்காரர்கள்.

நம் உறுப்பினர்களில் பலர் மளிகைக் கடை ஓரத்தில் நாலைந்து மூட்டை கரி வைத்துச் சில்லறையாக விற்கிறார்கள். சிலருடைய பிள்ளைகள் மாலை நேரத்தில் கிரில் கடையே போட்டிருக்கிறார்கள். ஆகவே இந்தப் புகாரை விற்கிறவர், வாங்குகிறவர் ஆகிய இரு தரப்பிலிருந்தும் நான் பார்த்து அறிந்ததை இங்கு எழுதுகிறேன். எழுதும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்றால், இந்த விஷயத்தில் தவறு செய்தவர்களில் நானும் ஒருவன்.

2023 ஐப்பசியில் ஒரு நாள், என்னிடம் பல ஆண்டுகளாகக் கரி எடுக்கும் புரோட்டாக் கடை முதலாளி இரண்டு மூட்டைகளைத் திருப்பி அனுப்பி விட்டார். கூடவே ஒரு சொல்லும் வந்தது: "வேற இடத்துல பாத்துக்கிறேன்னு அண்ணாச்சிகிட்ட சொல்லிடு." பணம் பெரிதல்ல. அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து வரும் வாடிக்கை அது. அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு நானே அவர் கடைக்குப் போனேன். "தம்பி, கோபப்பட வேண்டாம். இன்னிக்கு ராத்திரி வரைக்கும் உங்க அடுப்புகிட்ட நிக்கிறேன், அதுக்கப்புறம் பேசுவோம்" என்றேன். ஒரு நாற்காலி போட்டார்கள். பதினொரு மணி வரை உட்கார்ந்திருந்தேன்.

அங்கே கண்டதை அப்படியே சொல்கிறேன்.

மூன்று அடி நீளம், ஒரு அடி அகலமுள்ள இரும்புப் பெட்டி அடுப்பு. கடைப் பையன் மூட்டையை அப்படியே சாய்த்துக் கொட்டினான். பெரிய கட்டையும் விழுந்தது, தூளும் விழுந்தது. அதன் மேல் மண்ணெண்ணெய் ஊற்றி, நாலைந்து பாலித்தீன் பைகளையும் செருகித் தீ வைத்தான். மேசை விசிறியைத் திருப்பி வைத்தான். பத்து நிமிடம் நல்ல சுவாலை. மேலே இருந்த கரி சிவந்தது. மாஸ்டர் உடனே கம்பிகளை வைத்து விட்டார், ஏனென்றால் வாடிக்கையாளர் இருவர் காத்து நின்றார்கள். கீழே இருந்த கரி அப்போதுதான் பற்ற ஆரம்பித்திருந்தது. புகை கிளம்பியது. கோழியிலிருந்து எண்ணெயும் கொழுப்பும் சொட்டிச் சுவாலை எழுந்தது. மாஸ்டர் தண்ணீர் தெளித்தார். சாம்பல் பறந்து கறியில் ஒட்டியது. தணல் பாதி அணைந்தது. மறுபடி விசிறி. மறுபடி சுவாலை. முக்கால் மணி நேரத்தில் தணல் இறங்கி விட்டது. வெந்துகொண்டிருந்த கறிக்கு அடியிலேயே பச்சைக் கரியைத் தள்ளினார்கள். திரும்பவும் புகை.

இரவு கடை அடைக்கும்போது பையன் எஞ்சியிருந்த தணலின் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, எல்லாவற்றையும் சாக்கடை ஓரம் கொட்டினான். அன்றைக்குச் செலவான கரியை நான் நிறுத்தே வைத்திருந்தேன். 22 கிலோ.

வாயைத் திறந்து குறை சொல்லப் போனேன். அதற்குள் முதலாளி, "அடுப்புல தப்பு இருக்கலாம் அண்ணாச்சி. மூட்டையைப் பாத்தீங்களா?" என்று கேட்டார். கேட்டது நியாயம். மறுநாள் அதே சரக்கில் ஒரு மூட்டையை என் கிட்டங்கியில் பிரித்தேன். 30 கிலோ மூட்டை. அரை அங்குலச் சல்லடையில் சலித்ததில் தூளும் சில்லும் நாலரைக் கிலோ. மீதிக் கரியில் 10 கிலோவைத் தகரத்தில் பரப்பி இரண்டு நாள் வெயில் காட்டி நிறுத்தேன். 9 கிலோ 100 கிராம் இருந்தது. அதாவது சலித்த கரி இருபத்தைந்தரைக் கிலோவில் ஏறத்தாழ 2 கிலோ 300 கிராம் வெறும் தண்ணீர். 30 கிலோ என்று நான் விற்ற மூட்டையில் உருப்படியான கரி 23 கிலோ சொச்சம்தான்.

நான் தண்ணீர் தெளித்து விற்கிறவன் அல்ல. ஆனால் மழை நாளில் மூட்டைகளை வெறும் சிமெண்டுத் தரையில் சுவரை ஒட்டி அடுக்கியிருந்தேன். கரி, காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும் குணமுடையது. நூற்றுக்கு ஐந்து, ஆறு பங்கு ஈரம் எப்போதும் இருக்கும், அது குற்றமில்லை. தரையும் சுவரும் கசிந்தால் அது இரண்டு மடங்காவதற்கு அதிக நாள் பிடிக்காது. தூளும் அப்படித்தான். லாரியில் ஏற்றி, இறக்கி, அடுக்கி, மறுபடி இறக்கும் ஒவ்வொரு முறையும் கரி உடைகிறது. அடி வரிசை மூட்டையில் மேல் பாரம் முழுவதும் இறங்கித் தூளாகிறது. அந்த அடி வரிசை மூட்டைகள்தான் அவருக்குப் போயிருக்கின்றன.

ஈரக் கரியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. ஈரத்தை ஆவியாக்கவே சூடெல்லாம் போய்விடும் என்பார்கள். கணக்குப் பார்த்தால் அப்படி இல்லை. ஒரு கிலோ நல்ல கரி எரிந்தால் சுமார் 7,000 கிலோ கலோரி வெப்பம் கிடைக்கும். 100 கிராம் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்க 60 கிலோ கலோரி சொச்சம் போதும். சூட்டில் நட்டம் சொற்பமே. தண்ணீருக்குக் கரி விலை கொடுக்கிறோமே, அதுதான் நட்டம். அத்துடன் ஈரக் கரி பற்றுவதற்கு நேரமாகும், வெடித்துப் பொறி பறக்கும். நேரமாவதால் மண்ணெண்ணெயும் விசிறியும் கூடுதலாகத் தேவைப்படும்.

தூளின் கெடுதல் வேறு மாதிரி. கரி எரியக் கீழிருந்து காற்று வர வேண்டும். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் சந்துதான் அந்தக் காற்றுக்கு வழி. தூள் போய் அந்தச் சந்தை அடைத்துக் கொண்டால் தணல் மூச்சுத் திணறும். விசிறி வைத்தால் மேலாக எரிந்து சாம்பலாகும், அடியில் கருப்பாகவே கிடக்கும். கரி நிற்கவில்லை என்ற புகாரில் பாதிக்கு மேல் இந்தத் தூளால் வருவது என்பது என் அனுபவம்.

அடுப்பு மூட்டிய விதம்

இரண்டு மூட்டைக்கும் ஈடாகச் சலித்த, காய்ந்த கரி கொடுத்து, மறு வாரம் அவர் கடையிலேயே மூட்டிக் காட்டினேன். இது என் கண்டுபிடிப்பு அல்ல. பல ஊர்களில் பல மாஸ்டர்கள் செய்து வரும் முறை.

நம் கடைகளில் எண்ணெய் வரும் 15 கிலோ டின் எல்லோரிடமும் இருக்கும். அதன் மேலும் கீழும் தகட்டை வெட்டி எடுத்து விட்டு, அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் நாலு கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருக வேண்டும். கம்பிக்குக் கீழே சுற்றிலும் ஆணியால் துளை போட வேண்டும். முதல் தடவை காலி டின்னைத் திறந்த வெளியில் ஒரு முறை நன்றாக எரித்து விட வேண்டும். பெயிண்ட் டின், மருந்து டின் கூடவே கூடாது. பட்டறையில் இரும்புத் தகட்டில் செய்து வாங்கினால் இன்னும் நாள்படும். கம்பியின் மேல் கரியை நிரப்ப வேண்டும், டின்னுக்குச் சுமார் நாலு கிலோ பிடிக்கும். கீழே இரண்டு சிரட்டை, கொஞ்சம் தேங்காய் நார், ஒரு தாள் வைத்துக் கொளுத்தினால் போதும். மண்ணெண்ணெய் வேண்டாம், விசிறியும் வேண்டாம். சூடான காற்று மேலே போகும்போது கீழிருந்து புதுக் காற்றைத் தானே இழுத்துக் கொள்ளும். செங்கல் சூளையின் புகைபோக்கி செய்யும் வேலையை இந்த டின் செய்கிறது.

இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் மேல் கரியின் ஓரங்களில் வெள்ளை நீறு பூக்கும். அதுதான் அடையாளம். அதற்கு முன் வரும் புகை, கரி சரியாக வேகாமல் மிச்சமிருக்கும் மரச்சத்து எரிவதால் வருவது. அந்தப் புகையில் கறியை வைத்தால் காரலடிக்கும். நீறு பூத்த பின் டின்னை இடுக்கியால் தூக்கி அடுப்பில் கொட்ட வேண்டும்.

கொட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. அடுப்பு முழுவதும் சமமாகப் பரப்பக் கூடாது. ஒரு பக்கம் மூன்றில் இரண்டு பங்குத் தணலைக் கனமாகவும், மறு பக்கம் மீதியை மெல்லிதாகவும் பரப்ப வேண்டும். கடைக் கோடியில் ஒரு சாண் இடத்தை வெறுமையாகவே விட்டு விடலாம். எலும்போடு உள்ள தொடைக்கறியை முதலில் மெல்லிய பக்கத்தில் வைத்து உள்ளே வேக விட்டு, கடைசி இரண்டு, மூன்று நிமிடம் கனத்த பக்கத்தில் காட்டினால் நிறம் ஏறும். எலும்பில்லாத சிறு துண்டுகளை நேரே கனத்த பக்கத்தில் வைக்கலாம். கொழுப்புச் சொட்டிச் சுவாலை எழுந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டியதில்லை. கறியை வெறும் இடத்துக்கு நகர்த்தினால் சுவாலை தானே அடங்கும். கொழுப்பு எரிகிற கரும்புகை கறியில் படிவது உடம்புக்கு நல்லதல்ல என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள். ருசிக்கும் அது நல்லதல்ல.

சூடு பார்க்க, கறி வைக்கும் உயரத்தில், அதாவது தணலுக்கு நாலைந்து அங்குலம் மேலே உள்ளங்கையைக் காட்டி எண்ண வேண்டும். இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் கையை இழுத்துக் கொண்டால் கடுந்தணல். நாலைந்து வரை தாங்கினால் நடுத்தரம், கோழிக்கு அதுதான் சரி. ஏழெட்டு வரை தாங்கினால் தணல் இறங்குகிறது என்று பொருள். மாஸ்டர் சிரித்தார். மறுநாள் பார்த்தால் அவரே பையனுக்குச் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்தார். வெந்ததா என்று பார்க்க ஊசி வெப்பமானி ஒன்று வாங்கி வைப்பது நல்லது. கோழிக்கறியின் நடுவில், எலும்பில் படாமல் குத்தினால் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். மேலே கருகி உள்ளே வேகாத கோழியால் கெட்டுப் போன கடைப் பெயர்கள் எத்தனையோ.

தணல் இறங்குகிறதே என்று எட்டு எண்ணும் வரை காத்திருக்கக் கூடாது. முதல் டின்னைக் கொட்டிய அரை மணிக்குள் இரண்டாவது டின்னில் பாதியளவு கரியை மூட்டி விட வேண்டும். முன் தணல் இறங்கும் நேரத்தில் அது தயாராக இருக்கும். இப்படி எப்போதும் எரிந்த கரியையே சேர்க்க வேண்டும், கறிக்கு அடியில் பச்சைக் கரியைத் தள்ளவே கூடாது. இதற்கு இடையில் ஒரு மணிக்கு ஒரு தடவை கம்பியால் கிளறிச் சாம்பலைக் கீழே இறக்கி, சாம்பல் தட்டைக் காலி செய்ய வேண்டும். சாம்பல் தட்டு நிரம்பினால் காற்று வழி அடைபடும், கரியின் மேல் பழி வரும்.

அன்று இரவு 11 மணிக்கு நிறுத்துப் பார்த்தோம். செலவு 14 கிலோ. முன்பு 22. வித்தியாசம் 8 கிலோ. கிலோ 40 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக் கொண்டால் நாளைக்கு 320 ரூபாய். மாதம் 26 நாள் கடை திறந்தால் 8,320 ரூபாய்.

இந்த 8 கிலோவையும் அடுப்பு முறையின் கணக்கில் எழுதிக் கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பழைய மூட்டையில் தூளும் தண்ணீரும் போக, 22 கிலோவில் இருந்த நல்ல கரி ஏறத்தாழ 17 கிலோதான். ஆகவே 5 கிலோ என் கிட்டங்கியின் தவறு, 3 கிலோ அவர் அடுப்பின் தவறு. இதை அவரிடமே சொன்னேன். "அப்ப பெரிய பங்கு உங்களோடதுதான் அண்ணாச்சி" என்றார். ஆமாம் என்றேன். அதற்கு முந்தைய ஆறு மூட்டைகளுக்கு மூட்டைக்கு 7 கிலோ வீதம் கணக்கில் கழித்துக் கொடுத்தேன். வாடிக்கை நின்றது.

விறகு போடலாமா?

கரி விலை ஏறும் நாட்களில் சிலர் கிரில் அடுப்பில் விறகைச் செருகுகிறார்கள். காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 3,500 கிலோ கலோரி தரும், கரியில் பாதி. விலை பாதிக்கும் கீழே என்றால் லாபம்தானே என்று தோன்றும். பிரியாணி அண்டாவுக்கு அது உண்மை. அண்டாவின் அடியைச் சுவாலை நேராகத் தொடுகிறது. காய்ந்த சவுக்குக்கு நிகராக அங்கே வேறொன்றும் இல்லை. ஆனால் திறந்த கிரில் அடுப்பில் சுவாலையின் சூடு பெரும்பாலும் வானத்துக்குப் போகிறது. கறிக்குக் கிடைப்பது கரியும் புகையும்தான். விறகு மணம் வேண்டும் என்பவர்கள் தனி அடுப்பில் கருவேலம், புளி போன்ற கெட்டி மரத்தை எரித்து, சுவாலை அடங்கிக் கங்கானபின் எடுத்துப் போடலாம். மணத்துக்கு ஓரத்தில் ஒரு சிறு துண்டு போதும். பழைய கதவு, பிளைவுட், வர்ணம் பூசிய பலகை, மருந்தடித்த பெட்டிக் கட்டை இவற்றைச் சமையல் அடுப்பில் வைப்பது குற்றம் என்றே சொல்வேன்.

சிரட்டைக் கரியைப் பற்றிக் கேட்பார்கள். கொங்குப் பக்கம் தொட்டிக்கரி என்பார்கள். நல்ல சூடு, புகை குறைவு. ஆனால் சில்லுச் சில்லாக நெருங்கிப் படிவதால் காற்று வழி குறையும். கட்டைக் கரியோடு கலந்து போட்டால் நன்றாக நிற்கும்.

வாங்கும்போது

நம் தென் மாவட்டங்களுக்கு வரும் கரி பெரும்பாலும் சீமைக் கருவேலம். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் மூட்டம் போட்டு எடுப்பது. 1870-களில் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த மரம் இது. நிலத்தைக் கெடுக்கிறது என்று அதை அகற்ற நீதிமன்ற உத்தரவுகளும், 2022-ல் தமிழ்நாடு அரசின் கொள்கையும் வந்துள்ளன. மரத்தை வெறுப்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் மானாவாரிப் பூமியில் மழை பொய்த்த ஆண்டுகளில் பல குடும்பங்களுக்கு அடுப்பெரிந்தது இந்த மூட்டத்தால்தான் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

மூட்டத்தில் நாலைந்து டன் விறகு போட்டால் ஒரு டன் கரி எடுப்பது நல்ல கை. விறகை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் மூடி, உள்ளே தீ வைத்து நாள் கணக்கில் வேக விடுவார்கள். முதலில் வரும் வெள்ளைப் புகை ஈரம். பிறகு மஞ்சளாக வரும். கடைசியில் மெல்லிய நீலப் புகை வந்தால் கரி வெந்து விட்டது என்று துளைகளை அடைப்பார்கள். அவசரக்காரன் மஞ்சள் புகையிலேயே அடைத்து விடுவான். எடை கூடக் கிடைக்கும் அல்லவா? அந்தக் குறைவேக்காட்டுக் கரிதான் அடுப்பில் புகைகிறது.

மூட்டையைப் பிரித்து இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். நன்றாக வெந்து காய்ந்த கரி கணீரென்று ஒலிக்கும். குறைவேக்காடும் ஈரமும் மொத்தென்று ஒலிக்கும். உடைத்தால் உள்ளே கருமையாகப் பளபளக்க வேண்டும், பழுப்பு நிறம் தெரிந்தால் மரம் மிச்சமிருக்கிறது. தூர்க்கட்டையில் எடுத்த கரி கனமாக இருக்கும், நெடுநேரம் நிற்கும். குச்சிக்கரி சீக்கிரம் பற்றும், சீக்கிரம் தீரும். கிரிலுக்குத் தூர்க்கரியும் கட்டைக்கரியும், டின்னின் அடியில் கொஞ்சம் குச்சிக்கரியும் என்று வைத்துக் கொள்ளலாம். மூட்டைக் கணக்கில் வாங்காதீர்கள், எடைக் கணக்கில் வாங்குங்கள். மொத்த வியாபாரியாகிய நானே இதைச் சொல்கிறேன்.

புதுக் கரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 1991-ல், தொழிலில் எனக்கு வேகம் இருந்த நேரம், ஒரு லாரி கரி சாயங்காலம் வந்தது. மூட்டம் பிரித்த மறுநாளே ஏற்றி அனுப்பியிருந்தார்கள். மூட்டைகளைத் தொட்டால் இளஞ்சூடு. வெயிலில் வந்த சூடு என்று நினைத்து, மழை மேகம் கண்டு, அவசரமாகக் கிட்டங்கிக்குள் நெருக்கி அடுக்கிப் பூட்டி விட்டேன். விடியற்காலை மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். கதவைத் திறந்ததும் காற்றுப் போய் உள்ளே குபீரென்று பிடித்தது. அறுபது மூட்டைகள் போயின. கூரையில் பாதி போயிற்று. ஆளுக்குச் சேதமில்லை. புதுக் கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுக்கும்போது தானே சூடேறும். நெருக்கி அடுக்கினால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லை. நடுவில் ஒரு கங்கு அணையாமல் இருந்தால் கேட்கவே வேண்டாம். கப்பல் சரக்கு விதிகளிலும் கரி தானே தீப்பற்றக் கூடிய சரக்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. அன்று முதல் சூடுள்ள மூட்டை எதுவும் என் கிட்டங்கி வாசலைத் தாண்டுவதில்லை. திறந்த வெளியில், மூட்டைக்கு மூட்டை இடைவெளி விட்டு இரண்டு நாளாவது கிடக்கும். மளிகைக் கடைக்காரர்கள் இதைக் கட்டாயம் மனதில் கொள்ள வேண்டும். கரி மூட்டைக்குப் பக்கத்தில்தான் பல கடைகளில் எண்ணெய் டின்னும் சாக்கும் அட்டைப் பெட்டியும் இருக்கின்றன.

கடை அடைத்த பிறகு

இரவு மிஞ்சும் தணலில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மூடி இறுக்கமாகப் பொருந்தும் இரும்பு டிரம்மில் அள்ளிப் போட்டு மூடி, கடைக்கு வெளியே வைத்து விட்டால் காற்றில்லாமல் அணைந்து விடும். மறுநாள் அந்தக் கரி சீக்கிரம் பற்றும். முன் சொன்ன கடையில் நாளைக்கு ஒன்றரைக் கிலோ வரை இப்படி மீள்கிறது. டிரம் வெளியே என்று சொன்னதற்குக் காரணம் உண்டு.

2015 கார்த்திகை. அடை மழை. என்னிடம் கரி எடுக்கும் இன்னொரு கடையில், வடக்கேயிருந்து வந்த இரண்டு பையன்கள் இரவில் கடைக்குள்ளேயே படுப்பார்கள். துணி காயட்டும், குளிருக்கும் ஆகட்டும் என்று மீதித் தணலை ஒரு இரும்புச் சட்டியில் வாரி உள்ளே வைத்து ஷட்டரை இறக்கி விட்டார்கள். புகையே இல்லையே, என்ன ஆகும் என்று நினைத்திருக்கிறார்கள். நாலரை மணிக்குப் பால் பாக்கெட் போடுகிறவர் ஷட்டரைத் தட்டியிருக்கிறார். வழக்கமாக முதல் தட்டிலேயே எழுந்து விடும் பையன்கள் அன்று எழவில்லை. அவர் சந்தேகப்பட்டு முதலாளிக்குப் போன் செய்து, சாவி வந்து திறந்தபோது ஒருவன் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தான், மற்றவனுக்கு நினைவே இல்லை. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் இரண்டு பேரும் போயிருப்பார்கள் என்று மருத்துவர் சொன்னாராம். அந்தத் தணல் நான் விற்ற கரி. அதை நினைக்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வருகிறது. கொட்டிய தணலின் மேல் சில நேரம் நீலமாக ஒரு சிறு சுவாலை ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள், அது இந்த வாயு எரிவதுதான். நீறு பூத்து அடங்கிய தணலிலிருந்தும் அது வந்து கொண்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நிறம் இல்லை, மணம் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக் கொள்ளும். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் என்று ஆரம்பிக்கும். கடையில் வேலை பார்த்த அசதி என்று படுத்து விடுவார்கள், பிறகு எழுவதில்லை. ஆகவே மூடிய அறைக்குள் தணல் கூடாது, அது அடுப்பானாலும் சட்டியானாலும் சரி. கிரில் அடுப்பைத் தெருப் பார்த்த திறந்த இடத்தில் வையுங்கள், உள்ளே வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் மேலே கூண்டும் புகை இழுக்கும் விசிறியும் இல்லாமல் வைக்காதீர்கள். யாராவது மயங்கினால் முதலில் கதவைத் திறந்து ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டு வர வேண்டும், உடனே 108-ஐ அழைக்க வேண்டும். சோடா கொடுத்துப் படுக்க வைப்பது வைத்தியம் அல்ல.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என் பில் புத்தகத்தின் அடியில், "பூட்டிய அறைக்குள் கரித்தணல் வைக்க வேண்டாம்" என்று தமிழிலும் இந்தியிலும் அச்சிட்டிருக்கிறேன். சில்லறையாக விற்கும் நண்பர்கள், குறிப்பாக மழை, பனி நாட்களில், பையில் கட்டிக் கொடுக்கும்போதே வாய்விட்டுச் சொல்லி விடுங்கள்.

சில்லறைக்காரர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. கரியைச் சலித்து விற்றால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டி வைத்தாலும் வாடிக்கையாளர் திரும்பி வருவார். சலித்த தூள் வீண் அல்ல. ஊதுபத்தி செய்கிறவர்கள் வாங்குவார்கள், மரவள்ளி மாவுக் கஞ்சியில் பிசைந்து வில்லை தட்டுகிறவர்களும் வாங்குவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மூட்டம் போட முடியாது, வருகிற சரக்கும் நனைந்து வரும், விலையும் ஏறும். ஆகவே மூன்று மாதத்துக்கு வேண்டியதைப் புரட்டாசி பாதிக்குள் காய்ந்த சரக்காக எடுத்து வைத்து விட வேண்டும். என் கிட்டங்கியில் இப்போது தரையில் மரச்சட்டம் போட்டிருக்கிறேன். சுவருக்கும் மூட்டைக்கும் ஒரு முழம் இடைவெளி. ஐந்து மூட்டைக்கு மேல் உயரம் அடுக்குவதில்லை. அடி வரிசை மூட்டைகளைப் பிரித்துச் சலித்து, எடை போட்ட பிறகே வெளியே அனுப்புகிறேன்.